ஆய்வு முறைக் கட்டுரை: அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரியல் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்கும். 2004 அக்டோபரில் தொடங்கிய நேச்சர் மெத்தட்ஸ் போன்றவை கேட்பது வேறு: "எப்படிச் செய்தாய், அதை நானும் செய்ய முடியுமா?" நுண்ணோக்கி உத்தி, மரபணு வரிசைப்படுத்தும் முறை, படங்களை அலசும் மென்பொருள் என்று இங்கே கதாநாயகன் கருவிதான். இது தெரியாமல், ஒரு புரதத்தைப் பற்றிய நல்ல கட்டுரையில் மூலையில் கிடக்கும் சின்ன உத்தியை முன்னால் இழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அது மதிப்பாய்வாளர் வரை, அதாவது கட்டுரையைச் சரிபார்க்கும் அதே துறை ஆய்வாளர்கள் வரை, போகாது. இதழின் முழுநேர ஆசிரியர்களே படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, கருவி உண்மையிலேயே புதியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தவறுதான் பெரியது: ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான கன்ட்ரோல் இல்லாமை. இதில் நேச்சர் மெத்தட்ஸே சறுக்கியிருக்கிறது. 2017 மே மாத இறுதியில் அதில் ஒரு சிறு கட்டுரை வந்தது. பார்வைக் குறைபாடுள்ள சுண்டெலிகளில் கிரிஸ்பர் முறையால் மரபணுவைத் திருத்தியபோது, எதிர்பாராத இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் நேர்ந்துவிட்டன என்றது. கிரிஸ்பர் நிறுவனங்களின் பங்கு விலையே சரிந்தது. ஆனால் வரிசைப்படுத்தியது திருத்தப்பட்ட 2 எலிகளையும், திருத்தப்படாத ஒரே ஒரு எலியையும் மட்டும். திருத்திய இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருந்தால், அவற்றில் பொதுவாகத் தெரியும் மாற்றங்கள் பெற்றோரிடமிருந்தே வந்திருக்கலாமே? அந்தப் பெற்றோரை யாரும் வரிசைப்படுத்தவில்லை. கண்டனங்கள் குவிந்தன, 2018 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே குழு கூடுதல் எலிகளைப் பார்த்தபோது அவ்வளவு மாற்றங்கள் தென்படவில்லை. இத்தனைக்கும், கிரிஸ்பர் வேறு இடங்களையும் மாற்றிவிடுமா என்பது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எலி போதவில்லை.

சரியாகச் செய்வது எப்படி என்பதற்கும் அதே இதழில் உதாரணம் உண்டு. 2006ல் ஸ்டார்ம் என்ற நுண்ணோக்கி முறை அதில் வெளியானது. வழக்கமான ஒளி நுண்ணோக்கியில் மங்கலான திட்டாகத் தெரிவதைச் சுமார் 20 நானோமீட்டர் துல்லியத்தில் பிரித்துக் காட்டுகிறோம் என்பது அதை உருவாக்கிய குழுவின் வாதம். அதைக் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிகளில் ஒன்று, புரதம் பூசிய வட்ட வடிவ டிஎன்ஏ. அது வளையம் என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். புதிய முறையில் வளையமாகவே தெரிந்தது. விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுக் காட்டினால்தான், விடை தெரியாததைப் பற்றிச் சொல்லும்போது நம்புவார்கள்.

பழைய முறைகளோடு ஒப்பிடுவதிலும் ஒரு சின்னத் திருட்டுத்தனம் நடக்கும். நம் மென்பொருளைப் பல வாரம் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்திருப்போம். போட்டியாளருடையதை, இறக்கியபோது இருந்த அமைப்பிலேயே ஓடவிட்டு "எங்களுடையது மேல்" என்போம். மதிப்பாய்வாளர்களில் ஒருவர் அந்தப் பழைய மென்பொருளை எழுதியவராகவே இருந்தால் தீர்ந்தது கதை. நிரலைக் கொடுக்காமல் "கேட்டால் தருகிறோம்" என்று எழுதுவதும் இந்த வகைதான்.

அப்புறம் செய்முறைப் பகுதி. சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிக் கனமானதை அடியில் படியவைக்கும் கருவி) "10,000 ஆர்பிஎம், 10 நிமிடம்", அதாவது நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று எழுதிவிட்டுப் போவது நம்மில் பலருக்குக் கைப்பழக்கம். குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரம் 8 செ.மீ. என்றால் அந்த வேகத்தில் கிடைப்பது புவியீர்ப்பைப் போலச் சுமார் 8,900 மடங்கு விசை. ஆரம் 15 செ.மீ. என்றால் சுமார் 16,800 மடங்கு. ஏறக்குறைய இரண்டு பங்கு! இன்னொரு ஆய்வகத்தில் அடியில் படிய வேண்டியது படியாமல் போகும், அல்லது படியக் கூடாததும் சேர்ந்து படியும். ஆகவே விசையை எழுதுங்கள். "அறை வெப்பநிலை", "இரவு முழுக்க" போன்றவையும் அப்படியே. ஏசி இல்லாத லேபில் மே மாதத்து அறை வெப்பநிலையும், பெர்லினில் ஜனவரி மாதத்து அறை வெப்பநிலையும் ஒன்றா?

இதைவிட எரிச்சலூட்டுவது "முன்பு விவரித்தபடி" என்ற வரி. அந்த முந்தைய கட்டுரையைத் தேடிப் போனால் அதுவும் இன்னொன்றைக் கைகாட்டும். மூன்றாவது கட்டுரையில் பயன்படுத்திய வேதிப்பொருள் இன்று விற்பனையிலேயே இருக்காது. உங்கள் முறைக்கு உயிர்நாடியான படி எதுவோ அதை முழுதாக எழுதிவிடுங்கள். ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் பொருள்) வாங்கிய இடம், கேட்டலாக் எண் எல்லாம் அதோடு சேரட்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பையும் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும் வழக்கத்தை விடுங்கள். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 2011ல் அறிவியல் படங்களை வடிவமைக்கும் நிபுணர் பாங் வோங் நேச்சர் மெத்தட்ஸிலேயே இதைப் பற்றி எழுதினார். சிவப்புக்குப் பதில் மெஜந்தா போட்டாலே பெரும்பாலும் போதும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். லேபுக்குப் புதிதாக வந்த மாணவரிடம் செய்முறையை மட்டும் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் திரும்பி "அக்கா, இது எவ்வளவு நேரம்?" என்று கேட்கிறாரோ, அங்கே கட்டுரையில் ஒரு வரி குறைகிறது.