மலை மாறியதா, கருவி மாறியதா? செய்மதிக் கருவியின் நலத்தைக் கவனிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் செய்மதித் தரவைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தேயிலை, மண்சரிவு, நீர்த்தேக்கம், காட்டுத்தீ என்று ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பயிற்சிக்கு வருகிறவர்களோடு உட்காரும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைப் பார்க்கிறேன். படத்தில் தெரியும் மலையைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். படத்தை எடுத்த கருவி அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்று கேட்கமாட்டார்கள்.

கருவியும் மேலே வேலை செய்து தேய்கிற ஒரு பொருள்தான். வெயிலும் கதிர்வீச்சும் இடைவிடாமல் படுகின்றன. கண்ணாடி மங்குகிறது. திறந்து மூட வேண்டிய கதவு ஒருநாள் சிக்கிக்கொள்கிறது. கருவியை நடத்துகிறவர்கள் அதன் வெப்பநிலை, மின்னழுத்தம், மோட்டார்களின் ஓட்டம் எல்லாவற்றையும் கண்காணித்து, பழுது வந்த நாளையும் திருத்தம் செய்த நாளையும் வெளியிடுகிறார்கள். அதைப் படித்து, நம் தரவுக்குப் பக்கத்திலேயே ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

தவறான கோப்பை இறக்குவது, மேகத்தைக் கழிக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை வேலை பழகப் பழகத் தானாகச் சரியாகும்.

எல்லை தாண்டினால் மட்டும் திரும்பிப் பார்ப்பது

எந்தக் கருவிக்கும் எச்சரிக்கை எல்லைகள் உண்டு. நாசாவின் டெர்ரா, அக்வா செய்மதிகளில் இருக்கும் மோடிஸ் கருவியின் குளிர்ந்த உணரிகள் 83 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 190 பாகை செல்சியசில், நிற்க வேண்டும். அது பிசகினால் மணி அடிக்கும், எல்லோரும் ஓடிவருவார்கள். எல்லைக்கு உள்ளேயே மெல்ல மெல்ல நகர்கிற மாற்றத்துக்கு மணி அடிக்காது.

2011 ஒக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செய்மதியின் விர்ஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவிய கொஞ்ச நாளிலேயே அதன் அண்மை அகச்சிவப்பு உணர்திறன் இறங்கத் தொடங்கியது. தொலைநோக்கியின் கண்ணாடிகளில் ஏவுவதற்கு முன்பே படிந்திருந்த டங்ஸ்டன் ஒட்சைடு, சூரியனின் புற ஊதா ஒளி பட்டு இருண்டுகொண்டே போனதுதான் காரணம். கருவிக்குள் இருக்கும், சூரிய ஒளியைச் சிதறடிக்கும் அளவுப் பலகையைத் தொடர்ந்து அளந்ததால்தான் அது வெளியே தெரிந்தது. வெப்பநிலை அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிடித்திருக்க முடியாது. ஆகவே இன்றைய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு வருடக் கோட்டை வரைந்து பாருங்கள்.

மீண்டு வந்தது குணமாகிவிட்டது என்று நினைப்பது

2016 பெப்ரவரி 18 அன்று டெர்ரா ஒரு சுற்றுப்பாதைத் திருத்தத்தின்போது பாதுகாப்பு நிலைக்குப் போனது. மோடிஸ் கருவியின் குளிர்ந்த பகுதி சூடேறியது. பிறகு எல்லாவற்றையும் மீட்டு இயக்கினார்கள், தரவும் வந்தது. ஆனால் 27 முதல் 30 வரையான அலைப்பட்டைகளில் (கருவி தனித்தனியாக அளக்கும் ஒளி வரம்புகளில்) ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசிவது அதற்குப் பிறகு மோசமானது. அவற்றில் சில, மேகத்தையும் நீராவியையும் கணக்கிட உதவுகிறவை. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள தரவை ஒரே கோடாக ஒட்டுவதற்கு முன், திருத்தப்பட்ட பதிப்பு கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலையைக் குற்றம் சொல்வது

இதை நீளமாகவே எழுதப்போகிறேன். இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் பிழை இதுதான்.

2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. வருடம் முடிவதற்குள் தடையை எடுத்தார்கள். ஆனாலும் தேயிலைக்கு அடி விழுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரம் ஓர் ஆலோசனை நிறுவனம் ஒரு தோட்டத்துக்குப் பசுமைச் சுட்டி (செடியின் பசுமையைக் காட்டும் எண்) வரைபடம் போட்டுக் கொடுத்தது. சென்டினல்-2 செய்மதியின் தரவில் செய்தது. கோடு 2022 ஜனவரி வரை 0.8க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்து, மாதக் கடைசியில் ஒரேயடியாக 0.56க்கு விழுந்து, அங்கேயே கிடந்தது. காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: உரம் இல்லாததால் செடி நலிந்துவிட்டதாம். சிவப்பு அடித்திருந்த மலைகளில் ஆள் போடுவதைத் தோட்டம் குறைத்தது. அந்த டிவிஷனில் கிழமைக்குக் கிடைத்த பேர், அதாவது வேலை நாள், குறைந்தது. பேர் குறைந்தால் லயத்து அடுப்படியில் என்ன குறையும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அறிக்கை என் கைக்கு வந்ததும், பணியக் கணக்கில் (கீழ் டிவிஷனில்) சிவப்பு அடித்திருந்த ஒரு மலைக்குப் போய்ப் பார்த்தேன். செடிகளின் மேல்மட்டம் முழுக்க இளம் பச்சை, அரும்பும் இரண்டு இலையுமாக நின்றது. நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். "காஞ்சு போச்சுன்னு யாரு புள்ள சொன்னா? போன ரவுண்டும் கூடை நெறஞ்சுதான் எறங்குனோம்" என்றார்.

நடந்தது இதுதான். 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல்-2 தரவைத் தயாரிக்கும் முறையின் 04.00 பதிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு புள்ளியின் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டது. நிழல், ஆழமான நீர் போன்ற இருண்ட இடங்களில் மதிப்பு சில நேரம் சுழியத்துக்குக் கீழே போகும். அது வெட்டுப்பட்டுப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முகமை இதை முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஒவ்வொரு படத்தோடும் வருகிற விவரக் கோப்பிலும் எழுதியிருக்கிறது. பயன்படுத்துகிறவர் அந்த 1000ஐக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். நன்றாக நிற்கும் தேயிலைக்குச் சிவப்பு ஒளியில் 400, அண்மை அகச்சிவப்பில் 4000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3600, கூட்டுத்தொகை 4400. ஒன்றை மற்றதால் வகுத்தால் சுட்டி 0.82. இப்போது இரண்டிலும் 1000 கூடட்டும்: 1400, 5000. வித்தியாசம் அதே 3600. கூட்டுத்தொகை மட்டும் 6400 ஆகிவிட்டது. சுட்டி 0.56. செடி ஓர் இலையைக்கூட உதிர்க்கவில்லை, ஆனால் வரைபடத்தில் மலையே காய்ந்துவிட்டது. கொழுந்து மடுவத்தில் தராசு முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் கூடையைத் தூக்கி வைத்தால் யார் பேச்சுக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான் நடந்தது.

அந்த அறிக்கையை எழுதியவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. காரணம் முன்கூட்டியே தயாராக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. உரத்தடை ஒரு பக்கம், ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் விழும் உறைபனி இன்னொரு பக்கம். எதிர்பார்த்த செய்தியைக் கோடு சொல்லும்போதுதான் கருவியை இன்னும் அழுத்திச் சந்தேகிக்க வேண்டும். இதைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சரி என்று தலையாட்டுகிறார்கள். அடுத்த கிழமையே வறட்சி என்று ஒரு வரைபடத்தோடு வந்து நிற்கிறார்கள்.

சோதிப்பது கஷ்டமில்லை. அதே நாளில், அதே படத்தில், தேயிலை இல்லாத இடங்களைப் பாருங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதி, ஹட்டன் நகரத்துக் கூரைகள், சிவனொளிபாதமலைச் சரிவில் இருக்கும் காடு. தண்ணீர், தகரம், மரம், தேயிலை எல்லாவற்றின் புள்ளி மதிப்புகளும் ஒரே நாளில் ஒரே அளவு கூடியிருந்தால், நிலத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒப்பிட ஹோர்ட்டன் சமவெளிக் காட்டை எடுக்காதீர்கள். அங்கே மரங்கள் பட்டுப்போகும் பிரச்சினை உண்மையிலேயே இருக்கிறது, அது உங்கள் ஒப்பீட்டைக் குழப்பும்.

கோடு விழுகிற விதத்தையும் பாருங்கள். கவ்வாத்து வெட்டினால் சுட்டி செங்குத்தாக விழும், ஆனால் அந்த ஒரு மலையில் மட்டும். எல்லை வரப்புவரை துல்லியமாகத் தெரியும், சில மாதங்களில் மெல்ல ஏறிவரும். வறட்சி கிழமைக்கணக்கில் சரிந்து இறங்கும். எல்லா மலையும் ஒரே நாளில் ஒரே அளவு விழுவது எந்தச் செடியின் குணமும் இல்லை. அப்புறம் லான்ட்சாட் 8 என்ற வேறு செய்மதியின் படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அதில் இந்த வீழ்ச்சி இருக்காது.

பிழையைக் கண்டுபிடித்தவர்களும் அடுத்த குழியில் விழுகிறார்கள். '2022 ஜனவரி 25க்குப் பிறகு என்றால் 1000 கழி' என்று நிரலில் எழுதிவிடுகிறார்கள். பழைய படங்களையும் முகமை புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறது. அதனால் 2017இல் எடுத்த படத்திலும் அந்த 1000 இருக்கலாம். படம் எடுத்த திகதியைப் பார்க்காதீர்கள். விவரக் கோப்பில் இருக்கும் பதிப்பு எண்ணையும் கூட்டுமதிப்பையும் படித்துக் கழியுங்கள்.

இதே பிழைக்கு மெதுவான வடிவமும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. டெர்ராவின் மோடிஸ் கருவியில் நீல அலைப்பட்டையின் உணர்திறன் வருடக்கணக்கில் தேய்ந்துகொண்டு வந்தது. நீலம் காற்றின் தூசியைக் கணக்கிட்டுக் கழிக்க உதவுவது. அதில் பிசகு வந்தால் பசுமைச் சுட்டியும் பிசகும். ஐந்தாம் தொகுப்புத் தரவில் (மோடிஸ் தரவின் வெளியீட்டுப் பதிப்பைத் தொகுப்பு என்பார்கள்) டெர்ரா காட்டிய தாவர வீழ்ச்சியில் ஒரு பங்கு இந்தத் தேய்மானத்தால் வந்தது என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே வடிவக் கருவியைச் சுமந்த அக்வாவோடு ஒப்பிட்டதால்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆறாம் தொகுப்பில் திருத்தினார்கள். பழைய தொகுப்பில் வரைந்த 'மலையகம் வறண்டு வருகிறது' மாதிரியான கோடு எங்காவது உங்கள் கையில் கிடைத்தால், அதை வைத்து எதையும் எழுதாதீர்கள்.

இதற்காகத்தான் பதிவேட்டில் மூன்று பத்திகள் வைக்கச் சொல்கிறேன்: கருவியில் என்ன நடந்தது, சுற்றுப்பாதையில் என்ன நடந்தது, தரையில் தரவைத் தயாரிக்கும் முறையில் என்ன மாறியது. மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்தில் பேர் குறைந்தது மூன்றாவது பத்தியில்தான்.

செய்மதி வரும் நேரத்தை மறப்பது

டெர்ரா நிலநடுக்கோட்டைக் காலை 10.30க்கும் அக்வா பிற்பகல் 1.30க்கும் கடக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது பழைய கதை. எரிபொருளை மிச்சம் பிடிக்க, டெர்ராவின் சுற்றுப்பாதைச் சாய்வைத் திருத்துவதை 2020இலும் அக்வாவினதை 2021இலும் நிறுத்தினார்கள். அதன்பின் டெர்ரா வரவர முந்தியும், அக்வா வரவர பிந்தியும் வருகின்றன.

சமவெளியில் இதன் பாதிப்பு கொஞ்சம்தான். இங்கே அப்படியில்லை. காலை முந்தினால் சூரியன் தாழ்வாக நிற்கும், மேற்குப் பார்த்த சரிவுகள் நிழலில் கிடக்கும். நம் மலைகளில் பல மாதங்கள் காலையில் வெளித்திருந்து பிற்பகலில் மேகம் கட்டும். அதனால் டெர்ராவில் மேகம் குறைவதும் அக்வாவில் கூடுவதும் வெறும் நேர மாற்றத்தாலேயே வரலாம். காலநிலை மாறிவிட்டது என்று எழுதுவதற்கு முன் கடக்கும் நேரத்தை வரைந்து பாருங்கள்.

இல்லாத தரவுக்குச் சுழியம் போடுவது

மழைத் தரவில் இதைச் செய்யவே கூடாது. கருவி நின்றிருந்த மூன்று மணி நேரத்துக்குச் சுழியம் போட்டால், மண்சரிவு அபாயத்துக்குப் பார்க்கும் 72 மணி நேரக் கூட்டுமழை குறைவாகத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் இறங்கியதை மறக்காதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சலுகை கொடுக்கமாட்டார்கள். தரவு இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள்.

லான்ட்சாட் 7 கருவியில் 2003 மே 31 அன்று வரிகளை நேராக்கும் பகுதி பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் வெறும் கோடுகளாகப் போனது. அந்தக் கோடுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்த வேலைகளை இன்னும் காண்கிறேன்.

ஒரே கருவியை நம்பியிருப்பது

சென்டினல்-1பி என்ற ரேடார் செய்மதி 2021 டிசம்பர் 23 அன்று மின்வழங்கல் பழுதால் நின்றது, திரும்பவே இல்லை. மாற்று வழியை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

நேரக் கணக்கு

பழுது அறிவித்தல்கள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் வரும். நமக்கு அதோடு ஐந்தரை மணி நேரம் கூட வேண்டும். மாலை 7 மணி என்று அறிவித்தலில் இருந்தால் இங்கே அடுத்த நாள் பிறந்துவிட்டது. பதிவேட்டில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்.