பாதியில் நின்ற உபுண்டு மேம்படுத்தலை மீட்பது எப்படி?

உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்ததும் கறுப்புத் திரையில் நான்கைந்து வரிகள் ஓடி நின்றன. கேட்டவர்கள் எல்லோரும் ஃபார்மேட் செய்யச் சொன்னார்கள். அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள். குலைந்திருப்பது பெரும்பாலும் மென்பொருள் தொகுப்புகள்தான். ஹோம் அடைவிலுள்ள உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மேம்படுத்தல் தொடுவதில்லை. மனம் கேட்கவில்லையென்றால், லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை இயக்கும் யுஎஸ்பி) கணினியை இயக்கி அவற்றை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டி, எதை இயக்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக 'ரிகவரி மோட்' போங்கள். புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எழவில்லையா? அதற்குக் கீழேயுள்ள பழையதை எடுங்கள்.

படி 2: இங்கேதான் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். மீட்புப் பட்டியலில் நேராக 'ரூட்' (முழு அதிகாரத்தோடு கட்டளை கொடுக்கும் இடம்) வரிக்குப் போய்க் கட்டளை கொடுத்தேன். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. வட்டே பழுதாகிவிட்டது என்று பயந்துபோனேன். உண்மையில் மீட்பு நிலையில் வட்டு படிக்க மட்டுமே திறக்கப்படுகிறது. முதலில் 'நெட்வொர்க்' வரியைத் தேர்ந்தெடுங்கள். எழுதும் அனுமதியும் இணைய இணைப்பும் சேர்ந்தே கிடைக்கும். அதன் பிறகு 'ரூட்'.

படி 3: இவற்றை ஆங்கில எழுத்துகளில், இதே வரிசையில் கொடுங்கள்:

டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு

முதல் கட்டளை, பிரித்துவைத்துப் பாதியில் விட்ட தொகுப்புகளை அமைத்து முடிக்கும். நடுவில் அமைப்புக் கோப்பை மாற்றலாமா என்று கேட்டால் எண்டர் போதும், பழையதே இருக்கும். எவ்வளவு நேரமானாலும் குறுக்கிடாதீர்கள்.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று நின்றால் பெரும்பாலும் பூட் பகிர்வு (கெர்னல்கள் இருக்கும் வட்டுப் பகுதி) நிரம்பியிருக்கும். பழைய கெர்னல்களில் ஒன்றை நீக்குங்கள். 'யுநேம் -ஆர்' கட்டளை காட்டும், இப்போது இயங்கும் கெர்னலை மட்டும் தொடவே கூடாது.

படி 4: 'அப்டேட்-க்ரப்' கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

இந்த வேலைக்கு வரைகலைச் செயலிகளை நான் நம்புவதில்லை. எந்தத் தொகுப்பில் சிக்கியது என்பதை டெர்மினல் பெயரோடு சொல்லிவிடும்.

பின்சேர்க்கை: பட்டியலுக்குப் பதில் 'க்ரப்>' மட்டும் வருவதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டியதே காரணம். 'ரீபூட்' என்று தட்டச்சிட்டு எண்டர் அழுத்துங்கள். அடுத்த முறை நிறுவனச் சின்னம் மறைந்தவுடன் ஒரே ஒரு முறை தட்டுங்கள்.