நாய்க்குக் கற்றாழையா? முதலில் மஞ்சள் சாறு வடியட்டும்

நாயின் தோலில் கற்றாழை தடவுவதற்கு முன், வெட்டிய மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் பதினைந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். பிசுபிசுவென்று மஞ்சளாக ஒரு சாறு இறங்கி அடியில் தேங்கும். அதைக் கொட்டிவிட்டு, தோலைக் கொஞ்சம் தடிமனாகவே சீவி, உள்ளே கண்ணாடி போல இருக்கும் சோற்றை மட்டும் இரண்டு முறை அலசி எடுங்கள்.

அந்த மஞ்சள் சாறு பச்சைத் தோலுக்குச் சற்று அடியில்தான் இருக்கிறது. அதிலுள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. எதைத் தடவினாலும் நாய் நக்கத்தான் செய்யும். நக்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு. நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் தடவினால் வீடு திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.

இதெல்லாம் நம் வீட்டுச் சோற்றுக்கற்றாழைக்குத்தான். ஆளுயரம் வளர்ந்து, மடலெல்லாம் முள்ளோடு, குளிர்காலத்தில் செக்கச்செவேலென்று பூக்கும் தென்னாப்பிரிக்கக் கற்றாழையைத் தொடாதீர்கள். அதன் கசப்புச் சாற்றைக் காய்ச்சித்தான் இங்கே தென்னாப்பிரிக்காவில் மலமிளக்கியாகவே விற்கிறார்கள்.

டர்பன் கோடைப் புழுக்கத்தில் வரும் சின்ன அரிப்பு, உரசல் என்றால் சரி. ஆழமான காயம், சீழ் என்றால் வேண்டாம். உண்ணி கடித்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் அது உண்ணியால் பரவும் ரத்த நோயான பிலியரியாக இருக்கலாம். அப்போது கற்றாழையைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.