கருமருந்து இரட்டைக்குழல் ரைஃபிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்து லண்டன், பர்மிங்காம் பட்டறைகளில் கருமருந்துக்கென்று (கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த பழைய வெடிமருந்து) செய்த பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள் கைக்கு வந்ததும் பலரும் கேட்பது, இது எவ்வளவு மருந்து தாங்கும் என்றுதான். எந்த மருந்துக்காக, எவ்வளவு எடைக் குண்டுக்காகச் செய்தார்கள் என்று கேட்டால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

ஆளைக் கொல்லக்கூடிய தவறு புகையில்லா மருந்தைப் போடுவது. பழைய .450 எக்ஸ்பிரஸ் தோட்டாவின் கூடு 3¼ அங்குல நீளம், உள்ளே சுமார் 120 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடையளவு) கருமருந்து. 1898-இல் ரிக்பி துப்பாக்கிக் கம்பெனி அதே கூட்டில் கார்டைட் என்ற புகையில்லா மருந்தை நிரப்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் கொண்டுவந்தது. அதனால் புதுத் தோட்டா பழைய அறைக்குள் ஜம்மென்று போய் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும், ஆனால் அழுத்தம் வேறு ரகம். குழலைக் கழற்றி அடிப்பக்க முத்திரைகளைப் பாருங்கள். நைட்ரோவுக்கு, அதாவது புகையில்லா மருந்துக்கு, சோதித்த முத்திரை இல்லையென்றால் கருமருந்து மட்டும்தான். முத்திரை இருந்தாலும், நூறு வருடத் துருவுக்கு அப்புறம் குழல் சுவர் எவ்வளவு மிச்சம் என்று ஆயுதக் கம்மியர் அளந்து சொல்லட்டும்.

அடுத்தது, உதைக்குப் பயந்து மருந்தைக் குறைத்துவிட்டுக் கூட்டில் காலியிடம் விடுவது. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி கூடாது, அட்டை வில்லை வைத்து லேசாக அழுத்தி நிரப்ப வேண்டும். வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியில் இது இன்னும் முக்கியம், குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்காராவிட்டால் அந்த இடத்தில் குழல் வளையம்போல் புடைத்துவிடும். ஒரு குழலைச் சுட்ட உதையில் மற்றக் குழலின் குண்டு முன்னே நகர்ந்திருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கெட்டிக்கும் கோலில் சரியான ஆழத்துக்கு ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சுட்ட குழலை மறுபடி கெட்டிக்கும் முன் மற்றதன் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) கழற்றிவிடுங்கள். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய செலூஸுக்கு ஒருமுறை கேப் மட்டும் வெடித்துத் துப்பாக்கி சுடவில்லை, உதவியாள் மருந்தின் மேலேயே மறுபடி கெட்டித்துவிட்டார், அடுத்து விசையை இழுத்தபோது உதை செலூஸையே தூக்கி எறிந்தது. அந்தக் கோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம், இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடவில்லை என்ற புலம்பல். குழல்கள் முனையில் சற்றே உள்நோக்கிச் சாய்த்து ஒட்டப்பட்டவை. சுடும்போது வலது குழல் வலப்பக்கமும் இடது குழல் இடப்பக்கமும் உதைத்துத் திரும்பும். குண்டு குழலை விட்டுப் போவதற்குள் அந்தத் திரும்பல் சாய்வைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. குண்டு வேகமாகப் போனால் இரண்டும் குறுக்கே பாயும், மெதுவாகப் போனால் விலகும். இதற்காகக் குழலை வளைக்கவோ பார்வைக்குறியை அராவவோ கிளம்பாதீர்கள். எவ்வளவு மருந்து, எவ்வளவு எடைக் குண்டு என்ற பழைய அளவு குழலிலோ பெட்டியின் லேபிளிலோ பெரும்பாலும் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். மேஜையில் மணல் மூட்டைமேல் இறுக்கி வைத்துச் சுட்டாலும் இதே குழப்பம் வரும், முன்கட்டையைக் கையில் பிடித்து அந்தக் கையை மூட்டைமேல் வையுங்கள்.

8 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் எட்டு உருண்டை என்பது கணக்குக்குச் சரி. உங்கள் துப்பாக்கியின் உண்மையான விட்டத்தை மென்மையான ஈயத்தை உள்ளே தள்ளி அளந்தால்தான் தெரியும். கடினக் கலவைக் குண்டு வேண்டாம், ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் போதும்.

முதல் சோதனைகளில் ஒரு குழலில் மட்டும் மருந்து இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்விசையை இழுத்த விரல் உதையில் பின்விசையில் மோதி இரண்டும் சேர்ந்து போகும், எட்டு போரில் அது தோளெலும்பு சமாசாரம். சுடாமல் போனால் முனையை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.

சுட்ட அன்றே வெந்நீரில் கழுவுங்கள், மறுநாள் என்று தள்ளினால் கரிக்கசடு ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கும். பூட்டுக்குள்ளும், இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையில் ஈயப்பற்று விட்டிருந்தால் அதற்கு அடியிலும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே பிடிக்கும் துரு வெளியே தெரியாது.