சின்ன ஜீப், பின்னால் ட்ரெய்லர்: வன்னிக்குள் கூடாரம் போடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே, வன்னி ஊடாகப் போகும் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனங்கள் குறைவு. நாங்களும் நிற்போம். தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, கச்சான் சரை ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நான் முதலில் ட்ரெய்லரின் சில்லுப் பக்கம் போவேன். சில்லின் நடுக்குடத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பெயாரிங் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே கிறீஸ் வற்றிவிட்டது, அல்லது பிரேக் முழுதாக விடவில்லை. கோயிலடியில் அது தெரிந்தால் பக்கத்தில் ஆள் இருக்கும், கிளிநொச்சியில் கராஜ் இருக்கும். ஒட்டுசுட்டானுக்கு அங்கால் காட்டுக்குள் தெரிந்தால் ஒன்றும் இருக்காது.

ஜிம்னி மாதிரிச் சின்ன நாலு சில்லு இழுவை ஜீப் வைத்திருக்கும் என் நண்பர்கள் சிலர் இப்போது பின்னால் ஒரு சிறிய ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு முத்தையன்கட்டு, வவுனிக்குளம், நாயாறு என்று இரண்டு மூன்று நாள் தங்கப் போகிறார்கள். நல்ல விசயம். ஆனால் போகும் முன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இந்தச் சின்ன எஞ்சின் இழுக்குமா?" இழுக்கும். வன்னி தட்டையான நிலம், மலை ஏற்றம் இல்லை. அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. அரைத் தொன் பாரம் பின்னால் இருந்து தள்ளும்போது இந்தக் குட்டை ஜீப் நேராக நிற்குமா என்றும் கேட்க வேண்டும்.

2018இல் வந்த ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 1.5 லீற்றர் எஞ்சின், ஜீப்பின் சொந்த எடை 1,100 கிலோ அளவில். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.25 மீற்றர் மட்டுமே. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்ற மாதிரிக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் இழுவை அளவு 1,300 கிலோ. எல்லோரும் சொல்வது இந்த எண்ணைத்தான். அது ட்ரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 350 கிலோதான். இப்போது கூட்டிப் பாருங்கள். வெறும் ட்ரெய்லர் 250 கிலோ என்று வைப்போம். தண்ணீர் 60 லீற்றர் என்றால் 60 கிலோ. நிரம்பிய காஸ் சிலிண்டர் ஒன்று 25 கிலோவுக்கு மேல். பற்றரி ஒன்று, கூடாரம், ஐஸ் பெட்டி, அரிசி பருப்பு, சட்டி பானை. 350 எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் சாமானைக் குறையுங்கள். குறைக்க முடியாது என்றால் பிரேக் பூட்டுங்கள். பெரிய அரிசி ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கும். கேட்டால் நிறுக்க விடுவார்கள். குத்துமதிப்பாகச் சொல்லும் எடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

எடையை விடவும் முக்கியம் அது எங்கே இருக்கிறது என்பது. இதை நான் படித்த இடம் ஏ9 வீதி, மாங்குளத்துக்கு வடக்கே. மச்சானின் ட்ரெய்லர். பின்கதவைத் திறந்தால் கைக்கு எட்ட வேண்டும் என்று மூன்று தண்ணீர்க் கான்களையும் ஸ்பானர் பெட்டியையும் வால்பக்கம் வைத்திருந்தோம். எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த லொறியின் காற்று அடித்ததும் ட்ரெய்லர் மெல்ல ஆட்டம் காட்டியது. இடம், வலம், இடம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரிதாக. மச்சான் பயத்தில் பிரேக்கை மிதித்தார். ஜீப்பின் பின்பக்கமே வீதியை விட்டு இழுபட்டது. ஒருவாறு கரையில் வந்து நின்றோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் வெகுநேரம் ஒருவரும் இறங்கவில்லை.

லாண்ட்மாஸ்டரில், அதாவது இரண்டு சில்லு ட்ராக்டரில், வந்த ஒரு வயதானவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். ட்ரெய்லரைச் சுற்றி வந்து, கொழுவியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் ட்ரெய்லரின் முன்தண்டை ஒரு கையால் தூக்கினார். சும்மா எழும்பி வந்தது.

"தம்பியவை, உது பின்பாரம். வண்டிலெண்டா நுகம் கிளம்பி மாட்டின்ர கழுத்தை நெரிச்சிருக்கும். மாடு அங்கையே நிண்டு சொல்லியிருக்கும். ஜீப் சொல்லாது."

மாட்டு வண்டில் ஓட்டிய தலைமுறைக்கு இது அரிச்சுவடிப் பாடம். முன்பாரம் கூடினால் மாட்டுக்குக் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் வண்டில் குடைசாயும். இரண்டுக்கும் நடுவில் நுகத்தில் கொஞ்சம் பாரம் இருக்க வேண்டும். ட்ரெய்லருக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் முன்னால், ஜீப்பின் பின்பக்கம் ட்ரெய்லரைக் கொழுவும் இரும்பு உருண்டையான டோ போலில் அமர வேண்டும். 400 கிலோ ட்ரெய்லர் என்றால் 40 கிலோ. அளப்பது சுலபம். ஆள் நிறுக்கும் தராசை நிலத்தில் வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொழுவியை அதில் இறக்குங்கள். கட்டையின் உயரம் டோ போலின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ட்ரெய்லர் சரிந்து நின்றால் கணக்குப் பிழைக்கும்.

பாரமானவை எல்லாம் அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னே, தாழ்வாக. பாய், தலையணை, கூடாரத்துணி பின்னுக்கும் மேலுக்கும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவிக்கவும் கூடாது. குட்டை ஜீப்பின் வாலை ட்ரெய்லர் அழுத்தினால் முன்சில்லுகள் இலேசாகிவிடும், ஸ்டேரிங் மிதப்பது போல் இருக்கும், இரவில் லைட் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும். டோ போலில் எவ்வளவு தாங்கலாம் என்பது, அந்தப் போலைப் பூட்டியிருக்கும் இரும்புச் சட்டமான டோபாரின் தகட்டில் பொறித்திருக்கும். அதைத் தாண்டாதீர்கள்.

தண்ணீர்தான் இதில் ஏமாற்றுவது. தண்ணீர்ப் பவுசர் இழுக்கும் ட்ராக்டர்காரரைக் கேட்டால் சொல்வார்கள், நிறைந்த பவுசரை விட அரைப் பவுசர் பொல்லாதது என்று. உள்ளே அலை அடித்து முன்னும் பின்னும் தள்ளும். ஒரு பெரிய தாங்கியை விடச் சிறிய கான்கள் நல்லது. இன்னொன்று, போகும்போது சரியாக இருந்த பாரம் வரும்போது சரியாக இருக்காது. முன்னால் வைத்த தண்ணீரும் முடிந்திருக்கும். திரும்பும் நாள் காலையில் மறுபடி தண்டைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக வந்தால் சாமானை முன்னே நகர்த்துங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுங்கள். ஸ்டேரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் போனால் அதுவே ஆட்டத்தை வளர்க்கும். ஜீப்பின் பிரேக்கை மிதிக்க வேண்டாம். வேகம் தானாக விழும், ஆட்டமும் அடங்கும். ஓமந்தை தாண்டியதும் ஏ9 நேராகவும் வழுவழுப்பாகவும் கிடக்கும், கால் தானாக அழுத்தும். ட்ரெய்லரோடு அறுபது போதும் என்பது என் முடிவு.

அடுத்தது ட்ராக்டர் பழக்கம். வன்னியில் பெட்டி இழுத்துப் பழகாத ஊர் இல்லை. அதனாலேயே, லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு ஒரு தண்டு ஒட்டி ஜீப்பில் பூட்டலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்ப்ரிங் கிடையாது. ஆணி போட்டுக் கொழுவுவது, ஆணிக்கும் ஓட்டைக்கும் இடையில் இடைவெளி இருக்கும். வயல் வீதியில் மெல்ல ஊர்ந்து போக அது போதும். அறுபதில் ஒவ்வொரு பள்ளமும் அந்த இடைவெளியில் சுத்தியலாக அடித்து, ஒட்டு வெடிக்கும்.

டோ போலிலும் ஒரு மறைந்த ஆபத்து இருக்கிறது. 50 மில்லிமீற்றர் போலும் ஒன்றேமுக்கால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டிய, 47.6 மில்லிமீற்றர் போலும் பார்வைக்கு ஒன்றுதான். பெரிய கொழுவியைச் சின்னப் போலில் மாட்டினால் பூட்டியது போலவே 'டக்' என்று சத்தம் கேட்கும். கிரவல் வீதியில் பாய்ந்து விழும்போது கழன்று வரும். அளவு போலின் தலையில் பொறித்திருக்கும், வாசியுங்கள். பூட்டிய பின், முன்தண்டைத் தாங்கும் சின்னச் சில்லான ஜொக்கி வீலைச் சுற்றி முன்தண்டை உயர்த்திப் பாருங்கள். ஜீப்பின் வால் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. பிறகு இரண்டு செயின்களையும் தண்டுக்குக் கீழே குறுக்காகக் கொழுவுங்கள். கழன்றாலும் தண்டு தார் வீதியில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

மணலுக்கு வருவோம். கொக்கிளாய், நாயாறு, சுண்டிக்குளம் பக்கம் போகிறவர்கள் ஜீப்பின் டயரில் காற்றைக் குறைக்கத் தெரிந்தவர்கள்தான். 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவார்கள். ட்ரெய்லரின் டயரை மறந்துவிடுவார்கள். இறுக்கமான அந்த இரண்டு டயர்களும் மணலைக் கலப்பை போல் உழுதுகொண்டு வரும், ஜீப் கிளச்சை எரித்துக்கொண்டு நிற்கும். ஆறு டயரிலும் இறக்க வேண்டும். தாருக்கு ஏறும் முன் ஆறிலும் ஏற்ற வேண்டும். ட்ரெய்லர் செய்விக்கிறவர்கள் இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரத்தை ஜீப்பின் இடது, வலது சில்லுகளுக்கு இடையிலான தூரத்துக்கே வைக்கச் சொல்லுங்கள், ஜிம்னிக்கு அது 1.4 மீற்றர் அளவு. அப்போது ஜீப் அமுக்கிய தடத்திலேயே ட்ரெய்லரும் வரும். சில்லும் அதே ஐந்து நட் சில்லாக இருந்தால் ஒரு ஸ்பெயார் இரண்டுக்கும் உதவும். மணலில் கிளம்பும்போது 4எல் (நாலு சில்லு இழுவை, மெது கியர்), மெதுவான மிதி. தாருக்கு வந்ததும் 2எச்சுக்கு (இரண்டு சில்லு இழுவை) மாற்றுங்கள். ஜிம்னியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷல் இல்லை. காய்ந்த தாரில் நாலு சில்லு இழுவையோடு திரும்பினால் கியர்பெட்டி இறுகும்.

பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் புறப்படுவதை மற்ற ஊர்களில் ஒரு சங்கடம் என்று சொல்லலாம். வன்னியில் அது ஆபத்து. ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? வெளியான இடம் தேடி, வீதியை விட்டு இறங்கி வளைத்துத் திருப்புவார். 2009க்குப் பிறகு நடந்த கண்ணிவெடி அகற்றும் வேலையில் பெரும் பகுதி துப்புரவாகிவிட்டது, ஆனால் வேலை முழுதாக முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். பலகை விழுந்துபோன இடம் தெரியாது. ஆட்கள் நடமாடும் தடத்தை விட்டு ஒரு சில்லும் இறங்கக் கூடாது. புதிய தடம் என்றால் ஊரவரைக் கேளுங்கள். மாடு மேய்ப்பவருக்குத் தெரியாத நிலம் இல்லை.

ஆகவே வீட்டு வளவிலோ விளையாட்டு மைதானத்திலோ ஒரு மாலை பழகுங்கள். ஸ்டேரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள்; கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் ட்ரெய்லர் போகும். தண்டு குறுகிய ட்ரெய்லர் சட்டென்று மடியும். மடியத் தொடங்கியதும் முன்னே எடுத்து நேராக்கிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். குளக்கட்டில் ஏறும் முன் ஒருவர் இறங்கி நடந்து, அந்த முனையில் திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்து வரட்டும். இல்லாவிட்டால் கட்டின் மேல் வைத்து ட்ரெய்லரைக் கழற்றி, இருவர் கையால் திருப்பலாம். சின்ன ட்ரெய்லரின் பெரிய நன்மை அதுதான்.

யானை வந்தாலும் பின்னுக்கு எடுப்பதுதான் சிக்கல். தனி ஜீப் என்றால் பின்னுக்கு எடுத்துத் தப்பலாம், ட்ரெய்லரோடு முடியாது. பொழுது பட முன் தங்குமிடம் சேருங்கள். ஜீப்பின் முகம் வெளியேறும் வழியைப் பார்க்கட்டும். உப்பு, அரிசி, வாழைப்பழம் எதையும் ட்ரெய்லரில் திறந்து வைக்காதீர்கள், தேடி யானை வரும். வனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம் இரண்டின் காணிக்குள்ளும் அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது, முதலே கேளுங்கள். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் காப்புறுதியும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாரியில், ஐப்பசி கார்த்திகையில், குளங்கள் நிரம்பி வான் பாயும்போது வீதி தாழ்ந்த இடங்களில் தண்ணீர் குறுக்கே ஓடும். ஜீப் கடக்கக்கூடிய ஆழத்திலும் ட்ரெய்லர் கடக்காது. காற்றுப் புகாத இலேசான பெட்டி மிதக்கும், ஓட்டம் அதைப் பக்கமாகத் தள்ளும், அது ஜீப்பின் வாலையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஓடுகிறதென்றால் காத்திருங்கள், அல்லது திரும்புங்கள். ஓடாமல் தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீர் என்றால், லைட் வயரின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கடக்கலாம். ஆனால் உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடாகியிருக்கும் சில்லின் நடுக்குடம் குளிர்ந்த தண்ணீரில் திடீரென ஆறும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் புகுந்த கிறீஸ் பால் நிறமாகிவிடும், பிறகு பெயாரிங் நெடுநாள் நிற்காது. பத்து இருபது நிமிடம் ஆறவிட்டு இறங்குங்கள். நந்திக்கடல், சுண்டிக்குளம் போன்ற உவர்நீர்ப் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுதும் கழுவ வேண்டும்.

குளத்து அலைகரையில் இடம் பிடித்ததும் எல்லோருக்கும் அவசரம், கொழுவியைக் கழற்றிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போக. அலைகரை தட்டையாகத் தெரிந்தாலும் தண்ணீரை நோக்கித்தான் சரிந்திருக்கும். கழற்றும் முன் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுங்கள், ஜொக்கி வீலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள், இல்லாவிட்டால் ஈர மண்ணில் புதையும். செயின்களைக் கடைசியில் கழற்றுங்கள்.