ஓடுகிற டேபிளில் கை வைக்கும் முன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போகிற அவசரம். மடிவாளாவில் இரவு பஸ். கிளம்பும் நேரத்தில், "சின்ன மைக்ரேஷன்தான், ஒரு ஃபீல்டு சேர்க்கிறேன்" என்று டெப்ளாயை (புது கோடை லைவ் சர்வரில் ஏற்றுவதை) ஓட்டிவிட்டுப் பையைத் தூக்குகிறார்கள். மைக்ரேஷன் என்றால் டேட்டாபேஸ் டேபிளின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட். மடிவாளா போய்ச் சேரும் முன்னே போன் வருகிறது: சைட் மொத்தமாக நின்றுவிட்டது. வேலைக்குச் சேரும் ஒவ்வொரு புது பேட்ச்சும் இதில் விழுகிறது. எங்கள் பேட்ச்சும் விழுந்ததுதான். பாஸ்வேர்டைக் கோடில் எழுதாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்; இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

‘ஆல்டர் டேபிள்’ ஒரு நொடி வேலை என்று நம்புவது

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையால் ஃபீல்டு சேர்ப்பது உண்மையிலேயே வேகமான வேலை. 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, நிலையான டிஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் பலரும் தைரியமாக இறங்குகிறார்கள். ஆனால் வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்பதல்ல பிரச்சினை. அதற்கான லாக் (டேபிளின் மேல் போடும் பூட்டு) கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதுதான்.

ஃபீல்டு சேர்க்கிற ஆல்டர், ‘ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்’ லாக் கேட்கும். அது, டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட்டோடுகூட ஒத்துப்போகாது. ஆர்டர்ஸ் டேபிளில் யாரோ 10 நிமிட ரிப்போர்ட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால், ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆல்டருக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு செலக்ட்டும் ஆல்டருக்குப் பின்னால் நிற்கும். ரிப்போர்ட்டோடு அவற்றுக்கு எந்த மோதலும் கிடையாது, ஆனாலும் வரிசையைத் தாண்ட முடியாது. சில நொடிகளில் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்கான இணைப்புகளின் தொகுப்பு) நிரம்பி, அந்த டேபிளைத் தொடாத பக்கங்களும் விழுந்துவிடும். ஸ்டேஜிங்கில் (சோதனைச் சர்வரில்) இது பிடிபடாது. அங்கே டிராஃபிக்கும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை.

இதில் எரிச்சலூட்டுவது, இரண்டே வார்த்தைகளில் தடுத்திருக்கலாம் என்பது: ‘லாக் டைம்அவுட்’. இதன் டிஃபால்ட் மதிப்பு 0, அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். மைக்ரேஷனின் முதல் வரியிலேயே 2 நொடி என்று வையுங்கள். லாக் கிடைக்காவிட்டால் ஆல்டர் தோற்றுப்போகும், சைட் ஓடிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலும்படி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சிக்கிவிட்டால் ஆப் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது வீண். பூட்டு இருப்பது டேட்டாபேஸில். ஓடும் க்வெரிகளைக் காட்டும் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’யில் காத்திருக்கும் ஆல்டரைக் கண்டுபிடித்து முதலில் அதை கேன்சல் செய்யுங்கள், வரிசை கலைந்துவிடும். யார் தடுத்தார்கள் என்பதைப் பிறகு பாருங்கள். பல நேரம் அது ரிப்போர்ட்கூட இல்லை. ஒருவர் ‘பிகின்’ போட்டு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, ஒரு செலக்ட் ஓட்டிவிட்டு, கமிட் செய்து அதை முடிக்காமல் டீ குடிக்கப் போயிருப்பார். டிரான்சாக்‌ஷன் முடியும்வரை அந்த லாக் விடுபடாது.

அதே மைக்ரேஷனுக்குள் பழைய வரிகளில் (ரோக்களில்) புது ஃபீல்டை நிரப்பும் அப்டேட்டையும் சேர்ப்பது இன்னும் மோசம். ஆல்டர் பிடித்த பூட்டு, 50 லட்சம் வரி நிரம்பி முடியும்வரை அப்படியே இருக்கும். ஃபீல்டு சேர்ப்பது ஒரு டெப்ளாய். நிரப்புவது தனி ஸ்கிரிப்ட்: 5,000 வரி, கமிட், சிறு இடைவெளி, அடுத்த 5,000. ஃபீல்டு காலியாக இருக்கக் கூடாது என்கிற ‘நாட் நல்’ கடைசியில்தான். அதையும் நேராகப் போட்டால், பூட்டைப் பிடித்துக்கொண்டே டேபிள் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். முதலில் அதே விதியை ‘நாட் வேலிட்’ (பழைய வரிகளை இப்போது பார்க்காதே) என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டாகச் சேர்த்து, தனியாக வேலிடேட் செய்யுங்கள். 12-ஆம் பதிப்பு முதல், அந்தச் செக் இருந்தால் ‘செட் நாட் நல்’ மறுபடி டேபிளைப் படிக்காது.

சாதாரண கிரியேட் இன்டெக்ஸ்

தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸைக் கட்டி முடிக்கும்வரை அந்த டேபிளில் இன்சர்ட், அப்டேட், டெலிட் எல்லாம் நிற்கும். கட்டளையில் ‘கன்கரன்ட்லி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. பைத்தானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் அந்த மைக்ரேஷனுக்கு ‘அட்டாமிக்’கை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். பாதியில் தோற்றால் ‘இன்வேலிட்’ இன்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். க்வெரிக்கு அது உதவாது, டேபிளில் எழுதும் ஒவ்வொரு முறையும் சுமை மட்டும் கூட்டும். டிராப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ரூபாயை ஃப்ளோட்டில் வைப்பது

ஃப்ளோட் தசமத்தைத் தோராயமாகத்தான் வைக்கும். பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மைக்ரேஷன்

செவ்வாய் காலை ஓட்டுங்கள்.

ஃபீல்டின் பெயரை நேரடியாக மாற்றுவது

டெப்ளாய் நடக்கும் சில நிமிடங்களுக்குப் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்தே ஓடும். பெயர் மாறிய நொடியில் பழைய கோடு எரர் அடிக்கும். புதுப் பெயரில் ஒரு ஃபீல்டு சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய டேட்டாவை நிரப்பி, அதன் பிறகு படிப்பதை மாற்றுங்கள். பழையதை டிராப் செய்வது அடுத்த ரிலீஸில், அதைத் தொடும் கோடு எந்தச் சர்வரிலும் இல்லை என்று பார்த்த பிறகு. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பழைய பெயர் ஒளிந்திருக்கும்.